பாட்டுக்குள்ள ஒரு ஒட்டு!

கரன்ட் போன ஒரு ராத்திரியில்தான் இந்த விளையாட்டு ஆரம்பமானது.

ஹாஸ்டல் மூணாவது மாடி. ஒரு மெழுகுவத்தி, ஒரு கிடார், ஆறு பேர். கிடாரில் ஒரு கம்பி அறுந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. வாங்கி மாட்ட யாருக்கும் மனசு வரவில்லை. வாசித்துக்கொண்டிருந்தவன், பாட்டை முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல், அப்படியே வழுக்கி வேற ஒரு பாட்டின் ரெண்டு வரிக்குள் போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பழைய பாட்டுக்கே வந்து சேர்ந்தான்.

"டேய்... இப்ப என்னடா பண்ணினே?" என்று அஞ்சு பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஒட்டு போட்டேன்"னான். மாந்தோப்பு இருக்கிற ஊர்க்காரன். அவனுக்கு ஒட்டு மாங்கன்றுதான் ஞாபகம் வரும்!

அதுவே விளையாட்டுக்குப் பேரும் ஆயிடுச்சு. ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். ஒரு பேண்ட் சொல்லணும். அவங்க பாட்டு ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டின் வாலில் வேற யார் பாட்டின் எந்த ரெண்டு வரியை ஒட்டினா மேடையில் தீப்பிடிக்கும்னு சொல்லணும். அவ்வளவுதான். சாப்பாட்டுக் க்யூவில் ஆடலாம், போரடிக்கிற கிளாஸில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடலாம், ரயிலில் ஆடலாம். செலவே இல்லை.

செலவே இல்லைன்னுதான் அப்போ நானும் நினைச்சேன். அதுக்கு அப்புறம் வரேன்.

எங்க ரூமில் எப்பவும் ஜெயிக்கிற பேண்ட் ஒண்ணுதான். யு2. அயர்லாந்தின் டப்ளினில் 1976ல் ஒரு ஸ்கூலில் சேர்ந்த பசங்க. பாடுற போனோ, கிடார் வாசிக்கிற எட்ஜ், பேஸ் கிடார் ஆடம் கிளேட்டன், டிரம்ஸ் லாரி மல்லன். 'உலகத்தைக் காப்பாத்துறேன்னு மைக்கைப் பிடிக்கிற ஆளுதானே போனோ?'ன்னு கேலி பண்றவங்க உங்களில் இருப்பீங்க. பண்ணுங்க, நானும் பண்ணியிருக்கேன். ஆனா மேடையில் ஒட்டு போடுறதில் அந்த மனுஷனை அடிச்சுக்க ஆள் குறைவு. பாட்டு முடியப்போகுதுன்னு நீங்க கை தட்டத் தயாராகும்போது, திடீர்னு ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒண்ணு எட்டிப் பார்க்கும். ரெண்டு வரி. காணாமப் போயிடும். எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தப் பாட்டுக்குள் எந்தப் பாட்டு வந்ததுன்னு கச்சேரி கச்சேரியா கணக்கு எழுதி வைக்கிற ரசிகர்கள் உண்டு. நம்ம ஊரில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைப்போமே, அந்த மாதிரி.

அந்தக் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டிய தேதி ஒண்ணு இருக்கு. 1985 ஜூலை 13.

எத்தியோப்பியாவின் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த 'லைவ் எய்ட்'. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 72,000 பேர். அதே நாளில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் இன்னொரு மேடை. உலகம் பூராவும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. யு2 அன்னிக்கு இன்னும் 'உலகத்தின் பெரிய பேண்ட்' ஆகவில்லை. நாலு ஆல்பம் வந்திருந்தது, அவ்வளவுதான். கிடைச்சது இருபது நிமிஷத்துக்குள் ஒரு துண்டு நேரம். திட்டம் மூணு பாட்டு: 'சண்டே பிளடி சண்டே', அடுத்து 'பேட்', கடைசியா அவங்களோட பெரிய ஹிட் 'பிரைட்'. ஹிட் பாட்டைக் கடைசியில் வைச்சு அடிச்சுட்டு இறங்கணும். எந்தக் காலேஜ் பேண்டும் போடுற அதே கணக்கு!

முதல் பாட்டு முடிந்தது. 'பேட்' ஆரம்பித்தது. ஆரம்பத்திலேயே போனோ லூ ரீடின் 'சாட்டிலைட் ஆஃப் லவ்' பாட்டிலிருந்து ஒரு சொட்டு விட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் முன்வரிசையில் நெரிசலில் இருந்த பெண்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஆழமான இடைவெளி. ஆளு யோசிக்கவே இல்லை, கீழே குதித்துவிட்டார். ஒரு பெண்ணை வெளியே எடுக்கச் சொல்லி, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு மெதுவா ஆடினார்.

இப்போ நீங்க எட்ஜ் இடத்தில் நின்று பாருங்க. பாடுறவனைக் காணோம். மேடைக்குக் கீழே எங்கேயோ இருக்கான். உலகமே பார்த்துக்கிட்டிருக்கு. நிறுத்தவும் முடியாது, அடுத்த பாட்டுக்குப் போகவும் முடியாது. மூணு பேரும் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார்கள். போனோ ஒருவழியா மேலே ஏறி வந்தார். வந்தவர் முடித்தாரா? இல்லை! 'ரூபி டியூஸ்டே'யில் ஒரு துண்டு, 'சிம்பதி ஃபார் தி டெவில்' ஒரு துண்டு, மறுபடி லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' ஒரு துண்டு. ஒரே பாட்டு சுமார் 12 நிமிஷம் ஓடியது. நேரம் தீர்ந்தது. 'பிரைட்' பாடவே இல்லை.

மேடைக்குப் பின்னால் மத்த மூணு பேருக்கும் செம கோபம். போனோவே 'எல்லாத்தையும் நான்தான் கெடுத்துட்டேன்'னு நொந்துபோயிருந்தார். சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஜனங்க அன்னிக்கு ராத்திரியில் ஞாபகம் வைத்திருந்த ரெண்டு மூணு விஷயங்களில் அந்தப் 12 நிமிஷமும் ஒண்ணு என்று.

இந்தக் கதையை எல்லாரும் 'பார்த்தியா, ரிஸ்க் எடுத்தான் ஜெயிச்சான்' என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது ஏன் நின்னதுன்னு பார்க்கணும்.

முதல் காரணம் கிடாரில் இருக்கு. 'பேட்' பெரும்பாலும் ஏ, டி என்று ரெண்டே கார்ட்களுக்கு நடுவில் ஊஞ்சல் ஆடுகிற பாட்டு. தம்பூரா போட்டுவிட்டு மேலே என்ன வேணா பாடலாம் இல்லையா, அந்த மாதிரி. கீழே தரை அசையாமல் இருக்கு, மேலே எந்தச் செடியை நட்டாலும் பிடிக்கும். பாடுறவன் காணாமப் போனாலும் மத்தவங்களால் பாட்டைத் தாங்கிப் பிடிக்க முடிந்ததும் அதனால்தான். அதுவே அஞ்சாறு கார்ட் மாறுகிற பாட்டா இருந்திருந்தால் அன்னிக்கு வெம்ப்ளியில் மானம் போயிருக்கும்.

ரெண்டாவது காரணம் இன்னும் சுவாரஸ்யம். 'பேட்' எதைப் பற்றின பாட்டு? டப்ளினில் ஹெராயினுக்கு அடிமையான ஒரு நண்பனைப் பற்றினது. லூ ரீட் யாரு? நியூயார்க் தெருக்களையும், அங்கே போதையில் தொலைந்தவர்களையும் பாட்டில் எழுதியவர். 'சாட்டிலைட்', 'வைல்ட் சைட்' ரெண்டுமே 1972ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பத்துப் பாட்டுகள். அதாவது, சும்மா வாயில் வந்ததைப் பாடவில்லை. தொலைந்துபோன பையனைப் பற்றிப் பாடும்போது, அந்த மாதிரிப் பசங்களை முதலில் பாட்டில் உட்கார வைச்ச அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்ட மாதிரி.

ஒட்டு அதோட செத்தும் போகவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1992ல், 'சாட்டிலைட் ஆஃப் லவ்' யு2 முழுசாப் பாடிப் பதிவு பண்ணின பாட்டாக வந்தது. அந்த 'ஸூ டி.வி.' டூரில் பெரிய திரையில் லூ ரீடின் வீடியோ ஓட, இங்கே போனோ அவரோட சேர்ந்து பாடினார். அந்த ஆல்பத்தைத் தயாரித்த இருவரில் ஒருவர் டேவிட் போவி. அவர் 2016 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம், 2017 டூரில், அதே 'பேட்' பாட்டின் வாலில் போவியின் 'ஹீரோஸ்' வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மரத்தில் முப்பது வருஷமா எத்தனை கிளை பாருங்க!

சரி, இப்போ விளையாட்டுக்கு வருவோம். கையில் கிடார் இருந்தால் எடுத்துக்கோங்க.

'வித் ஆர் வித்தவுட் யு' தெரியும்தானே? 1987, 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பம். டி, ஏ, பி மைனர், ஜி. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இந்த நாலே கார்ட், இதே வரிசை, மாறவே மாறாது. இந்த வரிசையில் உலகத்தில் பாதிப் பாட்டு இருக்கு. ஆஸ்திரேலியாவில் 'ஆக்ஸிஸ் ஆஃப் ஆஸம்' என்று ஒரு காமெடி கோஷ்டி, இந்த நாலு கார்டை மட்டும் வைச்சுக்கிட்டு டஜன் கணக்கில் ஹிட் பாட்டுகளை மாலை மாதிரி கோர்த்துப் பாடி உலகத்தையே சிரிக்க வைத்தார்கள். இந்தப் பாட்டும் அந்த மாலையில் உண்டு.

அப்போ எதை வேணா ஒட்டலாமா? அங்கேதான் மாட்டுவீங்க. பாப் மார்லியின் 'நோ உமன் நோ க்ரை'யை எடுங்க. சரணம் கச்சிதமா உட்காரும். பல்லவி முடிகிற இடத்தில் லேசா இடிக்கும். பீட்டில்ஸின் 'லெட் இட் பி'? ஸி ஸ்கேலில் இருக்கிற பாட்டை ஒரு படி ஏற்றி டி-க்குக் கொண்டு வந்தால், முதல் வரி அளவெடுத்துத் தைச்ச சட்டை. ரெண்டாவது வரியில் கார்ட் வரிசை மாறிடும். கீழே பேண்ட் பழைய சுற்றிலேயே போய்க்கிட்டிருக்கும், மேலே நீங்க தனியா தொங்குவீங்க. எங்க ரூமில் இதை முதலில் கண்டுபிடித்தது கீபோர்டு வாசிக்கிற நண்பன். "முதல் வரியோட இறங்கிடுடா, ரெண்டாவது வரிக்குப் போனே, செத்தே" என்பான். அவனைப் பற்றி இன்னும் சொல்லணும்.

போனோ அந்தப் பாட்டில் நிஜமாவே போட்ட ஒட்டு ஒண்ணு உண்டு. 1987 டூரில் சில ராத்திரிகளில் ஜாய் டிவிஷனின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' அதில் வந்து போகும். ஜாய் டிவிஷனில் பாடின இயன் கர்ட்டிஸ் 1980ல் தன் 23 வயசில் தானே உயிரை விட்டவர். ஜாய் டிவிஷனுக்கு ஆல்பம் பண்ணின மார்ட்டின் ஹேனட்தான் அதே 1980ல் யு2வின் ஆரம்பப் பாட்டு ஒண்ணையும் தயாரிச்சவர். பிரியவும் முடியல, சேரவும் முடியலன்னு ஒரு பாட்டு. காதலே நம்மைக் கிழிச்சுப் போடும்னு இன்னொரு பாட்டு. ஒண்ணு கேள்வி, இன்னொண்ணு பதில் மாதிரி இருக்கு இல்ல?

இப்போ என் கதை. கொஞ்சம் வெட்கக்கேடு, ஆனா சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ். வெஸ்டர்ன் மியூசிக் போட்டி. மேடையில் ஒயர் மாட்டுறது உட்பட ஒரு டீமுக்கு 15 நிமிஷம். நாங்க நாலு பாட்டு வைச்சிருந்தோம். மூணு இரவல் பாட்டு, கடைசியா ஒரு சொந்தப் பாட்டு. அந்தச் சொந்தப் பாட்டு கீபோர்டு நண்பன் எழுதினது. ஆறு மாசமா, வார்த்தையை மாற்றி மாற்றி, எங்களை ராத்திரி எழுப்பி எழுப்பிக் கேட்க வைச்சது. ஊரிலிருந்து அவன் அக்கா கேட்க வந்திருந்தாங்க. மூணாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாங்க.

பாடுறவன் நான்.

ரெண்டாவது பாட்டில் கூட்டம் கை தட்ட ஆரம்பிச்சது. அவ்வளவுதான், எனக்குள்ள இருந்த வெம்ப்ளி முழிச்சுக்கிச்சு. பாட்டை முடிக்காம ஒரு ஒட்டு போட்டேன். பிராக்டீஸ் பண்ணாத ஒட்டு. டிரம்மர் கண்ணாலேயே 'என்னடா'ன்னு கேட்டான். கூட்டம் இன்னும் கத்துச்சு. இன்னொண்ணு போட்டேன். மேடையை விட்டுக் கீழே இறங்கியும் பார்த்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. மூணாவது பாட்டின் நடுவிலேயே மணி அடிச்சுட்டாங்க. ஸ்பீக்கர் ஆஃப்.

ப்ரைஸ் கிடைக்கலைங்கறது விஷயமே இல்லை. கீபோர்டு நண்பன் ஒண்ணும் பேசலை. ஒயரைச் சுற்றினான். கீபோர்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். அக்காவைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான். நாலு நாள் என்கிட்ட பேசலை. அந்தப் பாட்டை அதுக்கப்புறம் எந்த மேடையிலும் நாங்க வாசிக்கவே இல்லை. காலேஜ் முடிஞ்சுபோச்சு.

லைவ் எய்ட் கதையை எங்கே படிச்சாலும் 'பிரைட்' பாட்டைப் பற்றி ஒரே வரியில் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு அந்த வரி மட்டும் தொண்டையில் நிக்கும்.

விலை சில சமயம் பணமாவும் வரும். 1983ல் யு2 'அண்டர் எ பிளட் ரெட் ஸ்கை' என்று ஒரு லைவ் ஆல்பம் போட்டார்கள். அதில் 'தி எலெக்ட்ரிக் கோ' பாட்டுக்கு நடுவில் போனோ ஸ்டீஃபன் சோண்ட்ஹைமின் 'செண்ட் இன் தி க்ளவுன்ஸ்' பாட்டை அரை நிமிஷம்கூட இல்லை, சும்மா கொஞ்சம் பாடியிருந்தார். மேடையில் பாடினபோது யாரும் ஒண்ணும் கேட்கவில்லை. காரணம், கச்சேரி நடக்கிற அரங்கங்களுக்கு மொத்தமா ஒரு உரிமம் இருக்கும். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சங்கங்களுக்கு வருஷச் சந்தா மாதிரி கட்டிவிடுவார்கள். அந்த மேடையில் எவர் பாட்டைப் பாடினாலும் அந்தக் கணக்கில் போயிடும். ஆனா அதையே பதிவு பண்ணி ரெக்கார்டா வித்தா, அது வேற கணக்கு. தனியா அனுமதி வாங்கணும். இவங்க வாங்கவில்லை. 50,000 டாலர் கட்டினார்கள். அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஆல்பத்தை மறுபடி அச்சடித்தார்கள்.

அதனால் நீங்க காலேஜ் மேடையில் ஒட்டு போடுங்க, தப்பில்லை. அதை ரெக்கார்ட் பண்ணி உங்க பேண்ட் பேரில் வெளியிடுறதுக்கு முன்னால் ஒரு தடவை யோசிங்க.

இப்போ விளையாட்டின் மூணாவது, கஷ்டமான கேள்வி. கார்ட் சேருது, அர்த்தமும் சேருது. ஆனா ஏன் இன்னிக்கு? இதுக்கு ரூமில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. ஏன்னா இன்னிக்கு ராத்திரி என்ன நடக்கப்போகுதுன்னு லிஸ்ட் எழுதறவனுக்குத் தெரியாது.

2001 ஏப்ரலில் ரமோன்ஸ் பேண்டின் ஜோயி ரமோன் புற்றுநோயில் இறந்தார். யு2 பசங்க ஸ்கூலில் வாசிக்கக் கத்துக்கிட்டதே ரமோன்ஸ் பாட்டை வைத்துத்தான். அவர் கடைசியா கேட்டுக்கொண்டிருந்தது யு2வின் 'இன் எ லிட்டில் வைல்' பாட்டு என்று போனோ மேடையிலேயே சொன்னார். அந்த டூரில் ரமோன்ஸின் 'ஐ ரிமெம்பர் யு' வந்து சேர்ந்தது. எந்த ரசிகனும் முன்கூட்டியே எழுதியிருக்க முடியாத ஒட்டு.

2024 பிப்ரவரி. லாஸ் வேகஸில் 'ஸ்ஃபியர்' என்கிற உருண்டை அரங்கம். 2023 செப்டம்பரிலிருந்து 2024 மார்ச் வரை 40 கச்சேரி. சுற்றிலும் ராட்சசத் திரை. அந்த மாதிரி இடத்தில் பல பாட்டுகள் திரைக்காட்சியோடு நேரம் பார்த்துக் கோர்க்கப்பட்டிருக்கும். நினைச்ச இடத்தில் நீட்ட முடியாது. ஆனா நடுவில் எளிமையா வாசிக்கிற ஒரு பகுதி வைத்திருந்தார்கள், அதில் மட்டும் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி சிறையில் இறந்த செய்தி வந்த மறுநாள், போனோ கூட்டத்தை அவர் பேரைச் சொல்லச் சொல்லிக் கத்த வைத்தார். க்ரவுடட் ஹவுஸின் 'டோண்ட் ட்ரீம் இட்ஸ் ஓவர்' பாடினார்கள். எத்தனை கோடி டாலர் திரை இருந்தாலும், அன்னிக்குக் காலைப் பேப்பருக்கு இடம் விட்டிருந்தார்கள். எனக்கு அந்த அரங்கத்தில் பிடிச்ச விஷயமே அதுதான். மத்த வாணவேடிக்கையெல்லாம் கொஞ்சம் ஓவர்!

அப்புறம் அந்த ராத்திரி நம்ம நாட்டுக்கே வந்தது. 2019 டிசம்பர் 15. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியம். ஜோஷுவா ட்ரீ டூரின் கடைசிக் கச்சேரி. யு2 இந்தியாவில் வாசிக்கிறது அதுதான் முதல் தடவை. கூட நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

கீபோர்டு நண்பன் அப்போ மும்பையில் வேலை. (ஆமா, நாலு நாளுக்கப்புறம் பேசினான். பெரிய மனசு.) அவனுக்கு டிக்கெட் கிடைச்சது, எனக்கு லீவு கிடைக்கலை. ஒரு வாரம் முன்னாலிருந்தே போனில் பழைய விளையாட்டு மறுபடி ஆரம்பம். போனோ எந்த ரஹ்மான் பாட்டை எதில் ஒட்டுவார்?

நான் சொன்னேன்: "சண்டே பிளடி சண்டே. முடியற இடத்தில் டிரம்ஸ் மட்டும். அதுக்கு மேலே 'பம்பாய்' தீம், புல்லாங்குழலில்."

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பாட்டு எதைப் பற்றினது? 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெரி நகரம். சிவில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவங்க மேல பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு, அன்னிக்கே 13 பேர் செத்தாங்க. 'பம்பாய்' எதைப் பற்றினது? 1992, 93ல் அதே மும்பையில் நடந்த கலவரம். அதே ஊரில், அதே இசையமைப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது... எனக்குச் சொல்லும்போதே சிலிர்த்துச்சு.

போனில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "வேண்டாம்டா."

"ஏன்? கார்ட் சேராதா?"

"கார்ட் எப்படியாவது சேர்த்துடலாம். அவங்க ஊர் ரத்தத்தைப் பார்த்து அவங்க எழுதினாங்க, சரி. இந்த ஊரில் அப்போ வீடு எரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. என் ஆபீஸ்லயே ஒருத்தர் இருக்கார். அவர் டிக்கெட் எடுத்து பாட்டு கேட்க வந்து நிக்கும்போது, வெளியூர்க்காரன் ரெண்டு வரி தொட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டா அவருக்கு எப்படி இருக்கும்? தொட்டா முழுசாத் தொடணும். ரெண்டு வரிக்கு அது தாங்காது."

"ரஹ்மானே அந்த மேடையில நிக்கும்போது?"

"அப்ப அவரே முடிவு பண்ணட்டும். நீயும் நானும் எதுக்கு?"

நான் ஒத்துக்கலை. இன்னிக்கும் முழுசா ஒத்துக்கலை. ரெண்டு ஊர்க் காயமும் ஒரே மேடையில் நிக்கறதில் என்ன தப்புன்னு எனக்கு இன்னமும் தோணும். ஆனா அவர் ஆபீஸ்காரரைப் பற்றி நான் அதுவரை யோசிச்சதே இல்லைங்கறதும் நிஜம். நீங்க என்ன நினைக்கிறீங்க?

நாங்க நினைச்சது எதுவும் அன்னிக்கு நடக்கலை. நடந்தது வேற. அதுக்கு ஒரு மாசம் முன்னாலதான், நவம்பரில், ரஹ்மானும் யு2வும் சேர்ந்து 'அஹிம்சா' என்று ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார்கள். அதில் தமிழ் இருக்கு. நம்ம திருக்குறள்! பாடினது ரஹ்மானின் மகள்கள் கதீஜாவும் ரஹீமாவும். மும்பை மேடையில் ரஹ்மானும் சேர்ந்து அதைப் பாடினார்கள். அதாவது, யாரோ ஒருத்தர் பாட்டின் வாலில் இன்னொருத்தரை ஒட்டலை. ரெண்டு பேரும் சேர்ந்து விதையிலிருந்தே ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்டேடியத்திலிருந்து நண்பன் போன் பண்ணினான். சத்தத்தில் ஒண்ணும் புரியலை. 'குறள்டா... குறள்டா...'ன்னு கத்தினது மட்டும் கேட்டுச்சு.

எந்த ஒட்டு லிஸ்ட்டிலும் திருக்குறளை எழுதணும்னு எங்க ஆறு பேரில் ஒருத்தனுக்கும் தோணலையே! ஸ்கூலில் மனப்பாடம் பண்ணாதவனா நாங்க?

சரி. இவ்வளவு பேசிட்டு என் ஒட்டைச் சொல்லாமப் போனா நியாயமில்லை. மூணு கேள்விக்கும் பதிலோட சொல்றேன்.

'வித் ஆர் வித்தவுட் யு'வின் முடிவில் 'லெட் இட் பி'. ஆமா, அதேதான்.

கார்ட்? முதல் வரிக்குச் சேருது, ஏற்கெனவே பார்த்தோம். அர்த்தம்? பால் மெக்கார்ட்னிக்கு அவங்க அம்மா மேரி இறந்தப்ப வயசு 14. பல வருஷம் கழித்து அம்மா கனவில் வந்ததிலிருந்துதான் 'லெட் இட் பி' பிறந்தது. போனோவின் அம்மா ஐரிஸ், 1974ல், தன் சொந்த அப்பாவின் இறுதிச் சடங்கில் மயங்கி விழுந்தவங்க, பிழைக்கவே இல்லை. அப்போ போனோவுக்கும் வயசு 14. யு2வின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு 'ஐ வில் ஃபாலோ' அம்மாவைப் பற்றினதுதான். 2014ல் அம்மா பேரிலேயே ஒரு பாட்டு வந்தது. இருக்கவும் முடியல, இல்லாமலும் முடியலன்னு பாடுற பாட்டை காதலிக்குப் பதிலா ஒரு அம்மாவை நினைச்சு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வேற பாட்டா மாறிடும்.

ஏன் இன்னிக்கு? தேதியும் ரெடி. ஜூலை 13, ஏதாவது ஒரு வருஷம். ஏன்னா லைவ் எய்ட் அன்னிக்கு ராத்திரி, யு2 'பிரைட்' பாடாம இறங்கின அதே வெம்ப்ளி மேடையில், கச்சேரி முடியப்போற நேரத்தில் மெக்கார்ட்னி தனியா பியானோ முன்னால் உட்கார்ந்து பாடினது 'லெட் இட் பி'.

போன வாரம் இதை கீபோர்டு நண்பனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். அப்புறம் அதே பழைய கேள்வி.

"எல்லாம் சரி. ரெண்டாவது வரிக்கு என்ன பண்ணுவே?"

அதுக்கும் பதில் வைச்சிருந்தேன். அன்னிக்கு மெக்கார்ட்னி பாட ஆரம்பிச்சப்போ அவர் மைக் வேலை செய்யலை. சுமார் ரெண்டு நிமிஷம், உலகம் பூரா அவர் வாய் அசையறதைத்தான் பார்த்தது. பியானோ மட்டும் கேட்டுச்சு. வெம்ப்ளியில் இருந்த ஜனங்களே பாட்டை எடுத்துப் பாட ஆரம்பிச்சுட்டாங்க.

"போனோ முதல் வரியோட நிறுத்திடுவார். பேண்டும் நிறுத்திடும். மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்லையே... இப்பத்தான் மணி அடிக்கறதுக்குள்ள நிறுத்தக் கத்துக்கிட்டே" என்றான்.

உங்க ஒட்டையும் எழுதி அனுப்புங்க. எந்த பேண்ட் வேணா இருக்கலாம். மூணு கேள்விக்கும் பதில் கட்டாயம். ரெண்டாவது வரிக்கு என்ன பண்ணுவீங்கன்னும் எழுதுங்க. அவன் கேட்பான்!